மதுக் கிண்ணமும் மதிநுட்பமும்

மதுவெறி கொள்ளவேண்டாம், பரிசுத்த ஆவியால் நிறைந்திருக்கவேண்டும் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் புத்தி சொல்லுகிறார்.



குடியினால் வரும் கேடுகளை நீங்கள் அறியாதவர்களல்ல. குடி உடலைக் கெடுக்கும், கூலியைத் தின்னும், வீட்டின் சமாதானத்தைக் குலைக்கும். இதைக் குடிப்பவனே மறுப்பதில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறான். ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும், மரியாதையான வேஷம் போட்ட ஒரு சாக்கை மட்டும் அவன் விடாமல் பிடித்துக்கொள்கிறான். "சாமி, நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் கொஞ்சம் உள்ளே போனால்தான் எனக்கு மூளை ஓடுகிறது. புது யோசனை அப்போதுதான் வருகிறது" என்கிறான்.

இப்படிச் சொல்பவர்கள் வீணர்கள் அல்ல, பெரும்பாலும் திறமைசாலிகளே. அதனால் இந்தச் சாக்கை நாம் சிரித்துத் தள்ளிவிடலாகாது. பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிற இளைஞன், நிட்டிங் மிஷினின் கோளாற்றைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கிற மெக்கானிக், சாம்பிள் துணியைக் கையில் எடுத்ததும் எத்தனை பீஸ் தேறும் என்று சொல்லிவிடுகிற கட்டிங் மாஸ்டர், திருநாளுக்கு நாடகமும் பாட்டும் எழுதுகிற கலைஞன் ஆகிய இவர்களிடமிருந்தே இந்தப் பேச்சு வருகிறது. நம்முடைய வட்டாரம் பிழைப்பதும் இவர்களுடைய புது யோசனைகளால்தான். வெளிநாட்டு வியாபாரி பருவத்துக்குப் பருவம் புது மாதிரி கேட்கிறான். போன வருஷத்து டிசைனை இந்த வருஷம் வாங்கமாட்டான். ஆகவே, மது புத்தியைக் கூர்மையாக்குமா, புதியதைப் படைக்க உதவுமா என்ற கேள்வி நம் ஊர் அடுப்போடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தோடும் சம்பந்தப்பட்டது. அதை இன்று நேர்மையாக ஆராய்ந்து பார்ப்போம்.

விஞ்ஞானிகள் கண்டது என்ன?

எதிரியின் வாதத்தையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். 2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில மனோதத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினார்கள். நாற்பது வாலிபர்களை அழைத்து, ஒரு பகுதியினருக்கு மதுவைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரு வார்த்தை விளையாட்டு வைத்தார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, அம்மூன்றோடும் சேரக்கூடிய ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வது அந்த விளையாட்டு. கண், மழை, இள என்ற மூன்றையும் சொன்னால், கண்ணீர், மழைநீர், இளநீர் என்று மூன்றோடும் சேருகிற 'நீர்' என்ற சொல்லை நாம் சொல்லவேண்டும். இதில் குடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 58 கணக்குகளை விடுவித்தார்கள், குடியாதவர்கள் சுமார் 42. குடித்தவர்களுக்கு விடை சற்று விரைவாகவும் வந்தது.

பார்த்தீர்களா, எங்கள் கட்சி ஜெயித்தது என்று யாரும் எழுந்துவிடவேண்டாம். கதையின் மீதியையும் கேளுங்கள். அதே வாலிபர்களுக்கு, விஷயங்களை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்யும் திறமையையும் சோதித்தார்கள். அதில் குடித்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள். அவர்கள் இரத்தத்தில் இருந்த மதுவின் அளவு நூற்றுக்கு 0.075. நம் இந்தியச் சட்டப்படி வண்டி ஓட்டுகிறவனுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.03. ஆக, அந்த விளையாட்டில் ஜெயித்த வாலிபன் நம் உடுமலை ரோட்டில் மோட்டார் சைக்கிளைத் தொட்டால் போலீஸாரிடம் அகப்படுவான். வார்த்தையைச் சேர்க்கத் தெரிந்தவனுக்கு வண்டியை நேராக ஓட்டத் தெரியாமல் போயிற்று.

2017-ல் ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். எழுபது பேர். சிலருக்கு உண்மையான பீர், சிலருக்கு வெறியில்லாத பீர். எது எவருக்குக் கிடைத்தது என்று குடித்தவருக்குச் சொல்லவில்லை. அளவும் மிகவும் சிறியது. வார்த்தை விளையாட்டில் உண்மையான பீர் குடித்தவர்கள் சிறிது முன்னேறினார்கள். ஆனால் ஒரு சாதாரணப் பொருளுக்குப் புதிய உபயோகங்களை யோசித்துச் சொல்லும் சோதனையில், அதாவது புதியதைப் படைக்கும் வேலைக்கு அதிகம் நெருங்கிய சோதனையில், மதுவினால் ஒரு லாபமும் காணப்படவில்லை. மனதைக் கட்டுப்படுத்தி நடத்தும் சக்தியோ குறைந்தது.

மூன்றாவதாக, 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியை நம் கலைஞர்கள் அவசியம் கேட்கவேண்டும். சிலருக்கு மது கொடுத்தார்கள். சிலருக்கு மது என்று சொல்லி வெறும் பானத்தைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு வெறும் பானம் என்று சொல்லி மதுவைக் கொடுத்தார்கள். பின்பு எல்லாரையும் ஆக்க வேலை செய்யச் சொல்லி, அவரவர் வேலைக்கு அவரவரையே மதிப்புப் போடச் சொன்னார்கள். தாங்கள் மது குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்களே தங்கள் வேலைக்கு உயர்ந்த மதிப்புப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் உள்ளே உண்மையில் மது சென்றதா இல்லையா என்பதே பொருட்டாகவில்லை. யோசனை உயரவில்லை, யோசனையைப்பற்றிய பெருமைதான் உயர்ந்தது.

காவல்காரன் தூங்கினால்

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். சர்வேசுரன் நம் மனதில் ஒரு காவல்காரனை வைத்திருக்கிறார். எது சரி, எது தவறு, எது முன்னே, எது பின்னே என்று பார்த்து, தேவையற்ற நினைவுகளைத் தடுத்து நிறுத்துவது அவன் வேலை. மது முதலில் தொடுவது இந்தக் காவல்காரனைத்தான். அவன் கண் அசந்தால், வழக்கமாக வாசலில் தடுக்கப்படும் நினைவுகளும் உள்ளே நுழைகின்றன. பத்து நினைவுகளில் ஒன்று நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்றை மற்ற ஒன்பதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியவன் அதே காவல்காரன்தான். அவனோ தூங்குகிறான்!

நம் அமராவதி அணையை நினைத்துப் பாருங்கள். 1957-ல் அது கட்டப்பட்டது. தண்ணீர் அதற்கு முன்பும் ஆற்றில் வந்ததுதான். வெள்ளமாய் வந்து கரையை அறுத்துக்கொண்டும் போனது. அணை அதைத் தேக்கி, மதகு வழியாக அளந்து விட்டபோதுதான், அதே தண்ணீர் தாராபுரம், கரூர் வரையில் பயிராயிற்று. தடுத்து நிறுத்துவதும் அளந்து விடுவதும் தண்ணீருக்குப் பகையா? இல்லை, அதனால்தான் அது பயன்பட்டது. நம் புத்தியின் கட்டுப்பாடும் அப்படியே. அணையை உடைத்துவிட்டு, பார் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மெச்சுவது விவேகமல்ல.

கண்டுபிடிப்பு எப்படிப் பிறக்கிறது?

நம் திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த சர் சி. வி. இராமனை எல்லாரும் அறிவீர்கள். 1921-ல் கப்பலில் திரும்பி வரும்போது, கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்ற கேள்வி அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. விடையின் உச்சியை அவர் எட்டியது 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி. இடையில் ஏழு வருஷம்! கல்கத்தாவில் எளிய கருவிகளை வைத்துக்கொண்டு, நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, சுமார் அறுபது வகைத் திரவங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, ஒளியைச் செலுத்திப் பார்த்தார். இருட்டறையில் மங்கலான ஒரு வெளிச்சத்தைக் கண்ணால் பிரித்தறிய வேண்டிய வேலை அது. மயங்கிய கண்ணுக்கு அது அகப்பட்டிருக்குமா?

1930-ல் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றபோது நடந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் தம் கண்டுபிடிப்பைச் சாராயத்தில் செய்து காட்டினாராம். அன்று மாலை விருந்தில் மதுக் கிண்ணத்தை நீட்டினார்கள். சாராயத்தின்மேல் இராமனின் வேலையைக் கண்டீர்கள், இராமன்மேல் சாராயத்தின் வேலையைக் காண ஆசைப்படாதீர்கள் என்ற கருத்தில் சிரித்தபடியே மறுத்துவிட்டாராம். மது அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயிருந்ததே தவிர, ஆராய்ச்சி செய்யும் மூளையாய் இருக்கவில்லை.

நம் வட்டாரத்திலேயே பாருங்கள். 2011-ம் ஆண்டு ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவினால் திருப்பூரின் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் நாசமாகிறது, சொட்டுக் கழிவும் வெளியே போகலாகாது என்ற நிலை. எத்தனை குடும்பங்கள் கலங்கின! சாயத் தண்ணீரை வடிகட்டி, ஆவியாக்கி, நீரையும் உப்புக் கரைசலையும் மீட்டு, மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறைகள் பட்டறைகளில் வேர் பிடித்தன. இதற்குத் தேவைப்பட்டது என்ன? உப்பை அளப்பது, தோற்பது, மறுபடி அளப்பது. ஒரே இரவின் மயக்கத்தில் வந்த யோசனையால் அந்தக் காரியம் நடந்திருக்க முடியாது.

யோசனை தோன்றுவது ஒரு கணம். அதற்கு முன்னே நீண்ட கல்வியும், அதற்குப் பின்னே நீண்ட சோதனையும் இருக்கின்றன. மது அந்த ஒரு கணத்துக்கு ஏதோ சிறு உதவி செய்வதாகவே வைத்துக்கொண்டாலும், முன்னும் பின்னும் உள்ள வருஷங்களைத் திருடிக்கொள்கிறது. தூக்கத்தையும் கெடுக்கிறது. படுக்குமுன் குடித்தவன் சீக்கிரம் தூங்கிவிடுகிறான், உண்மை. ஆனால் கனவு காணும் தூக்கம் அவனுக்குக் குறைகிறது, பின்னிரவில் விழித்துக்கொள்கிறான். பகலில் கற்றதை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்வதோ தூக்கத்தில்தான். இரவில் விடாத கணக்கு காலையில் விடுவதை நம் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள்.

"கண்ணதாசன் குடிக்கவில்லையா?"

இவ்வளவு சொன்ன பிறகும் நம் இளைஞர்கள் ஒரு பெயரை எடுத்து வீசுவார்கள். "கவிஞர் கண்ணதாசன் குடித்தார், அவரைப்போல் பாட்டெழுத யார் இருக்கிறார்கள்?" என்பார்கள்.

அந்தப் பெரிய கவிஞரை நாம் அன்போடும் மரியாதையோடும் நினைக்கிறோம். அவர் தம் குடியை மறைத்தவரல்ல. 'வனவாசம்' என்ற சுயசரிதையில் தம் குறைகளைத் தாமே ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1963-ல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் கிண்ணத்தைப் போற்றும் பாட்டில் தாமே திரையில் தோன்றவும் செய்தார். ஆகவே அவர் குடித்தாரா என்பதில் சந்தேகமில்லை. அந்தக் குடிதான் அவரைக் கவிஞராக்கியதா என்பதுதான் கேள்வி.

சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த அவர் எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளி சென்றதில்லை. ஆனால் கம்பனையும் சித்தர் பாடல்களையும் பழைய தனிப்பாடல்களையும் நெஞ்சில் ஏற்றியிருந்தார். இசையமைப்பாளர் மெட்டைச் சொன்ன மாத்திரத்தில் வார்த்தை வந்து விழுந்தது என்றால், அது பல வருஷமாக உள்ளே சேர்த்துவைத்த தானியம் கொட்டியது. கிணற்றில் நீர் இருந்தது, இறைக்க வந்தது. வறண்ட கிணற்றில் யார் எந்தக் கயிற்றைப் போட்டாலும் என்ன வரும்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அவர் குடித்த அதே மதுவை அவர் காலத்திலும் இன்றும் எத்தனை லட்சம் பேர் குடித்தார்கள்! மதுவில் பாட்டு இருந்திருந்தால், 1983-ல் அரசாங்கம் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியதுமுதல் தமிழ்நாடு கவிஞர்களால் நிறைந்து வழிந்திருக்கவேண்டுமே! கவிஞரிடத்தில் இருந்த இரண்டில் நாம் எளிதானதைப் பிடித்துக்கொள்கிறோம். கம்பனைப் படிப்பது கஷ்டம், கிண்ணத்தைத் தூக்குவது சுலபம்.

அவர் 1981-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, அந்த வார்த்தை விளையாட்டு நடந்ததாகச் சொன்னோமே, அதே சிக்காகோ நகரில் காலமானார். வயது ஐம்பத்து நான்குதான். அவர் கடைசிக் காலத்தில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, நம் ஆண்டவரின் சரித்திரத்தைக் கவிதையில் பாடிய 'இயேசு காவியம்'. அவர் மறைந்த பின் 1982-ல் திருச்சி கலைக்காவிரியின் வெளியீடாக அது வந்தது. ஆண்டவரைப் பாடிய அந்த வாய் இன்னும் இருபது வருஷம் பாடியிருக்கக்கூடாதா என்று ஏங்காத தமிழர் உண்டா? மது அவருக்கு எத்தனை பாட்டைத் தந்தது என்று கேட்கிறோம். நமக்குக் கிடைக்காமலே போன பாட்டுகள் எத்தனை என்று யார் கேட்பது?

வேத ஆகமம் காட்டும் வழி

இனி வேத ஆகமத்தைத் திறப்போம். நோவே பெட்டகம் செய்தார். முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம் என்று அளவு பிசகாமல் செய்தார். உலகம் கண்டிராத அந்தப் பெரிய மரவேலை முடிந்து, வெள்ளம் வடிந்த பிறகே அவர் திராட்சைத் தோட்டம் போட்டார், இரசம் குடித்தார், வெறித்தார் என்று ஆதியாகமம் சொல்லுகிறது. தெளிந்த நோவே ஒரு குடும்பத்தையும் உயிரினங்களையும் காப்பாற்றும் பெட்டகத்தைப் படைத்தார். வெறித்த நோவே தம் கூடாரத்தில் மானம் மூடாமல் கிடந்தார். ஒரே மனிதர்; இரண்டு நிலைமை. எது படைத்தது, எது படுத்துக் கிடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாத்திராகமத்தில், நெசவுத் தொழிலை நம்பி வாழும் நாம் தங்கமாய்ப் போற்றவேண்டிய ஒருவர் வருகிறார். அவர் பெயர் பெசலேயேல். தேவாலயக் கூடாரத்தை அமைக்கச் சர்வேசுரன் அவரைப் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பி, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் புது வேலைப்பாடுகளைக் கற்பனை செய்யும் ஞானத்தைக் கொடுத்தார். அவரோடு ஒலியாப் என்பவரையும் சேர்த்தார். நூல் நெய்வது, வர்ண நூலால் பின்னுவது ஆகிய வேலைகளும் அந்த ஞானத்தில் அடங்கும் என்று வேதம் தெளிவாய்ச் சொல்லுகிறது. டிசைன் போடும் தம்பி, கேட்டாயா? உன் தொழில் கடவுள் கண்ணில் அற்பமல்ல. அந்தத் திறமை பரிசுத்த ஆவியின் கொடை. பாட்டிலில் அடைத்துக் கடையில் விற்கும் சரக்கு அல்ல.

அந்தக் கூடாரம் எழும்பிய பின், அதற்குள் பிரவேசிக்கும் குருக்கள் மது அருந்தலாகாது என்று ஆரோனுக்குக் கட்டளை பிறந்தது. காரணமும் சொல்லப்பட்டது. பரிசுத்தமானதையும் அல்லாததையும் அவர்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே காரணம். பிரித்தறிதல்! நாம் மேலே சொன்ன காவல்காரனின் வேலை அதுதானே?

பெந்தெகோஸ்தே நாளில் நடந்ததைப் பாருங்கள். ஒரு வேலைக்காரிக்குமுன் வாய் குழறி, ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த இராயப்பர், அன்று ஆயிரமாயிரம் பேருக்குமுன் எழுந்து பேசுகிறார். பல தேசத்தாருக்கும் அவரவர் பாஷையில் விளங்குகிறது. கூட்டத்தில் சிலர், இவர்கள் புது இரசம் குடித்திருக்கிறார்கள் என்று ஏளனம் செய்தார்கள். புது வேகத்தையும் புது வார்த்தையையும் கண்டால், உலகம் மதுவைத்தான் நினைக்கும்போலும்! அதற்கு அர்ச். இராயப்பர், பொழுது விடிந்து மூன்றாம் மணி நேரந்தானே ஆகிறது, இவர்கள் வெறித்தவர்களல்ல என்று பதில் சொன்னார். நம் கணக்கில் காலை ஒன்பது மணி. தெளிந்த காலையில், தெளிந்த புத்தியில், திருச்சபையின் முதல் பிரசங்கம் பிறந்தது. அன்றைக்கு மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

நம் தமிழ்நாட்டு வேதபோதகத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமி, மாமிசத்தையும் மதுவையும் விலக்கி, சந்நியாசியைப் போல் வாழ்ந்தார். கோவில், பூசை, அருள் என்று நாம் இன்று மூச்சுவிடுவதுபோல் சொல்லும் சொற்களைக் கிறிஸ்தவ வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஒரு மதத்துக்கே புதுச் சொல்வளம் உண்டாக்குவதைவிடப் பெரிய படைப்பு என்ன இருக்கிறது?

அப்படியானால் கானாவூர்க் கலியாணம்?

நம் ஆண்டவர் கானாவூரில் தண்ணீரை இரசமாக்கினாரே என்று கேட்பீர்கள். ஆம், ஆக்கினார். பூசைப் பலியிலும் திராட்சை இரசம் உண்டு. அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றுக்குச் சிறிது இரசம் சேர்க்கச் சொன்னதும் உண்டு. திருச்சபை இரசத்தைப் பிசாசின் சிருஷ்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மனிதனை மிருகத்திலிருந்து பிரிப்பது புத்தி. அந்தப் புத்தியை மனதறிந்து அணைத்துப் போடுவதே மதுவெறியின் பாவம் என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் போதித்தார். கானாவூரில் ஆண்டவர் விருந்தாளிகளின் குறையைத் தீர்த்தார். அந்த இரசத்தைக் குடித்தால்தான் உனக்கு யோசனை வரும் என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. அளவாய் அருந்துகிறவனிடம் இன்று நாம் கேட்பது இவ்வளவே: அதை உன் புத்தியின் குரு என்று பொய் சொல்லாதே.

செய்ய வேண்டியது என்ன?

"கொஞ்சம் போட்டால்தான் யோசனை வரும்" என்று சொல்லும் சகோதரனுக்கு ஒரு சோதனை தருகிறேன். விஞ்ஞானி செய்வதைப் போலவே செய்து பார். குடித்த இரவில் தோன்றிய யோசனைகளை ஒரு நோட்டில் எழுதிவை. அடுத்த ஏழு நாள் ஒரு சொட்டும் தொடாதே. அந்த நாட்களின் யோசனைகளையும் எழுது. பிறகு காலைப் பூசை முடிந்து வந்து, இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படித்துப் பார். உன் தொழில் தெரிந்த ஒருவரிடம், எது எந்த நாளில் எழுதியது என்று சொல்லாமல் காட்டு. அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கவனி.

ஏழு நாள் இருக்க முடியவில்லை என்கிறாயா? அப்படியானால் தம்பி, நீ தேடிப் போவது யோசனையை அல்ல. சங்கிலிக்குக் கலை என்று பேர் வைத்திருக்கிறாய். அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. குடிநோய் வைத்தியம் தேவைப்படும் வியாதி. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குச் சிகிச்சை உண்டு. 1935-ல் அமெரிக்காவில் தோன்றிய குடிநோயாளர் சங்கத்தின் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. ஒன்று மட்டும் கவனம்: தினமும் மிகுதியாகக் குடித்துக் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் தாமாகவே திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். டாக்டரின் பார்வையில் நிறுத்தவேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் வாருங்கள், டாக்டரிடமும் போங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையல்ல.

யோசனை வராமல் தவிக்கும்போது என்ன செய்வது? வேலையை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்து வாருங்கள். நன்றாகத் தூங்குங்கள். தொழில் தெரிந்த பெரியவரிடம் பேசுங்கள். பழைய சாம்பிள்களைப் புரட்டுங்கள். பெசலேயேலுக்கு ஞானம் கொடுத்த பரிசுத்த ஆவியை வேண்டிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கிணறு வற்றினால் ஆழப்படுத்த வேண்டுமே தவிர, அதில் சாராயத்தை ஊற்றலாகாது.

மிஷினில் நிற்கும் சகோதரர்களே, உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. துணி வெட்டும் கத்திக்கு, நேற்று இரவின் போதை இன்னும் தெளியவில்லை என்பது தெரியாது. படைக்கும் மூளைக்குப் படைக்கும் கை வேண்டும். விரல் போன பிறகு டிசைன் வந்து என்ன பயன்?

சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருகிறது. அந்த மாலையில் வாங்கிய பாட்டில், ஞாயிறு காலையில் கோவில் பெஞ்சைக் காலியாக்குகிறது. தாய்மார்களே, வெறித்திருக்கும் இரவில் வாதாட வேண்டாம். தெளிந்த காலையில், பிள்ளைகள் முன் அவமானப்படுத்தாமல், அமைதியாகப் பேசுங்கள். "உங்கள் புத்தியை நான் மதிக்கிறேன், அது எனக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும்" என்று சொல்லுங்கள். பல வீடுகளில் மனிதன் கிண்ணத்தைத் தேடுவது, தன் திறமையை யாரும் மெச்சவில்லை என்ற ஏக்கத்தினாலும்தான். சம்பளத்தைக் கேட்பதற்குமுன், இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று அவர் வேலையைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, சினிமாவில் கிண்ணத்தோடு பாடும் கதாநாயகனைக் கண்டு உங்கள் மகன் மயங்கும்போது, அந்தப் பாட்டை எழுதியவர் எத்தனை நூல்களைப் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பிரியமானவர்களே, சர்வேசுரன் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தார். இருப்பதிலிருந்து புதியதைப் படைக்கும் வல்லமையின் ஒரு சிறு பொறியை நமக்கும் தந்தார். அந்தப் பொறி எரிய எண்ணெய் வேண்டும், உண்மை. அந்த எண்ணெய் படிப்பு, பொறுமை, ஓய்வு, ஜெபம் என்பவை. மதுவை ஊற்றினால் பொறி ஒரு கணம் பிரகாசமாய் எழும்பத்தான் செய்யும். பின்பு திரியையும் கருக்கிவிட்டு அணையும்.

ஞானத்தின் ஊற்றாகிய பரிசுத்த ஆவியே, எங்கள் கைகளுக்கு நீர் கொடுத்த திறமையைக் காத்தருளும். தளர்ந்தவர்களுக்குத் தெளிவையும், கட்டுண்டவர்களுக்கு விடுதலையையும், காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சமாதானத்தையும் தந்தருளும். நாங்கள் செய்யும் வேலை உமக்கு மகிமையும் எங்கள் வீடுகளுக்கு அப்பமும் ஆகும்படி செய்தருளும். ஆமென்.